வாரியத்தின் ஒரே சிப்பி

பீர்க்கன்கரணையில் யார் வீட்டில் குழி தோண்டினாலும் முதலில் எட்டிப் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான். தண்ணீரெல்லாம் அப்புறம்தான் வரும். தனசிங் வீட்டுக் கொல்லையில் செப்டிக் டேங்குக்குத் தோண்டியபோது வந்தது ஒரு சிப்பி. அது மட்டும் வந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதன் பின்னாலேயே ஒரு வாரியமும் வந்துவிட்டது.

தனசிங்குக்கு மறைமலை நகரில் வேலை. கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். அவர் மனைவி பியூலா ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் வகுப்பு வகுப்பாகச் சத்தம் அடங்கும் என்பார்கள். போன கிறிஸ்துமஸ் முடிந்ததும், மொட்டைமாடியில் தொங்கிய ஸ்டாரைக் கழற்றிக்கொண்டு இறங்கும்போது படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், "படி மட்டும் ஏறவே கூடாது" என்று சொன்னார். அந்த வீட்டில் படுக்கையறை, குளியலறை, கக்கூஸ் எல்லாம் மாடியில். கீழே ஹாலும் சமையலறையும்தான். வீடு கட்டும்போது இடுப்பெலும்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஆகவே பியூலாவுக்கு ஹாலில் கட்டில் போட்டார்கள். பக்கத்தில் பழைய புடவையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் கமோடு நாற்காலி ஒன்றை வைத்தார்கள். அதைத் தினமும் தனசிங்தான் சுத்தம் செய்தார். அவருக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை. குறையெல்லாம் பியூலாவுக்குத்தான்.

"நீங்க இதைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறும்போது எனக்கு உயிரே போகுதுங்க. எனக்கு நகை வேணாம், சேலை வேணாம். கீழே ஒரு பாத்ரூம் கட்டுங்க. கதவு இருக்கணும், உள்ளே தாழ்ப்பாள் இருக்கணும். அது போதும்."

தனசிங் மேஸ்திரி சிட்டிபாபுவைக் கூப்பிட்டார். சமையலறைக்குப் பின்னால் பாத்ரூம், கொல்லையில் புதுத் தொட்டி என்று முடிவாயிற்று. முன்வாசலில் இருக்கும் பழைய தொட்டிக்குத் தண்ணீர் ஓட வாட்டம் கிடைக்காது என்று சிட்டிபாபு சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்குப் பக்கச் சந்து கிடையாது. கொல்லைக்குப் போக வேண்டுமானால் ஹாலுக்குள் நுழைந்து, பியூலாவின் கட்டிலைத் தாண்டி, சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். சிட்டிபாபு ஒவ்வொரு தடவையும் "மேடம், போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

குழி மார்பளவு ஆழம் போனபோது கடப்பாரையில் ஏதோ தட்டுப்பட்டது.

"சார், இங்க வா சார். இன்னா இது? பாத்தா சிப்பி மாதிரி கீது, தூக்கனா கல்லு மாதிரி கீது."

கோழிமுட்டை அளவில், ஒரு பக்கம் வளைந்து சுருண்டு, வெட்டிப்போட்ட பெரிய கால்நகம் போல இருந்தது அது. சிட்டிபாபு குழாயடியில் கழுவி மதில்மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். தனசிங்கும் அவர் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் அதைப் படம் எடுத்து, "இது என்னவென்று யாருக்காவது தெரியுமா?" என்று தெரு நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். காலை வணக்க ரோஜாப்பூவும் தண்ணி லாரி வரும் நேரமும் மட்டுமே வருகிற குழு அது. சங்கச் செயலாளர் ஹரிபிரசாத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எது வந்தாலும் "சம்பந்தப்பட்ட துறைக்கு" அனுப்பிவைத்துவிடுவார். சிப்பிக்கும் ஒரு துறை இருக்கிறது என்பது தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

துறை என்றால், தொல்கடல் உயிரினப் பாதுகாப்பு வாரியம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் பல வருஷங்களாக இயங்கி வருகிறது. இயக்குநர் உண்டு, துணை இயக்குநர்கள் உண்டு, ஜீப் உண்டு, சிப்பி படம் போட்ட முத்திரை உண்டு, ஆண்டுவிழாவும் உண்டு. தொல்லுயிர்தான் இல்லை. ஆண்டுவிழாவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த ஒரு சிப்பிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி இருந்த இடத்துக்கு ஹரிபிரசாத்தின் செய்தி போனால் என்ன ஆகும்?

மறுநாளே உதவி அலுவலர் தினகரன் வந்தார். சிப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படித்த காலத்திலிருந்து படத்தில் மட்டுமே பார்த்தவராம்.

"கிரைஃபியா சார்! ஒரு காலத்துல கடலுக்கு அடியில சேத்துல படுத்துக் கிடந்த சிப்பி. இப்போ உலகத்துல எங்கயுமே கிடையாது. இந்தப் பேரினமே அழிஞ்சுபோச்சு."

"ரொம்ப சந்தோஷம் தம்பி. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் தனசிங்.

"எடுக்கிற அதிகாரம் இயக்குநருக்கு மட்டும்தான் சார். எனக்குப் பார்க்கிற அதிகாரம்தான். முதல்ல இது எந்த இடத்துல இருந்துச்சோ அங்கேயே திரும்ப வைக்கணும். இருந்த இடத்துல இருந்தாத்தான் அது கண்டுபிடிப்பு."

சிட்டிபாபு தலையைச் சொறிந்தார். "மண்ணுல எங்க கீந்துச்சுன்னு நான் இன்னாத்த கண்டேன்? இது மொத்தமும் லாரில வந்து கொட்ன மண்ணு சார். எந்த ஊரு மண்ணோ, இன்னாவோ." அதைத் தினகரன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கடைசியில் சிட்டிபாபு குழிக்குள் இறங்கி, தனக்குத் தோன்றிய ஓர் இடத்தில் சிப்பியைப் பதித்துவிட்டு வந்தார். தினகரன் அதைப் பல கோணங்களில் படம் எடுத்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, சிப்பிமேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்புப் பொருளாக இருந்தால் நுரைக்கும், நுரைத்தால் அசல். இதற்கு வாரியத்தில் நுரைச் சோதனை என்று பெயர்.

"அவ்வளவுதானே? இனிமே வேலையைப் பார்க்கலாமா?"

"மேலதிகாரிங்களும் பார்க்கணும் சார். நான் பார்த்த நுரையை அவங்க நம்பக் கூடாது. ஒவ்வொரு அதிகாரியும் அவங்கவங்க நுரையை அவங்கவங்களே பார்க்கணும்னு விதி. அதுவரைக்கும் இந்த மதிலுக்குள்ள ஒரு செங்கல்கூட வைக்காதீங்க."

அப்படிச் சொல்லிவிட்டுக் குழியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார். போகும்போது பியூலாவின் கட்டிலருகே நின்று, "சீக்கிரம் முடிஞ்சிடும் மேடம்" என்றும் சொன்னார். அவர் மனதில் கள்ளம் இல்லை, வாரியத்தைப் பற்றி அவருக்கே சரியாகத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்து துணை இயக்குநர் ஹேமாவதி வந்தார். கூடவே மூன்று உதவியாளர்கள், ஒரு குடை, ஒரு மடக்கு நாற்காலி. சொட்டு என்பது உதவி அலுவலருக்கான அளவாம். துணை இயக்குநருக்குக் கரண்டி. பதவிக்கேற்ற நுரை வர வேண்டும் அல்லவா? ஹேமாவதி கரண்டியால் ஊற்றினார். நுரை பொங்கியது, உதவியாளர்கள் கைதட்டினார்கள். ஆசிட் நெடி சமையலறை வழியாக ஹாலுக்குள் போய், பியூலா வெகுநேரம் இருமினார்.

நுரை அடங்கியதும் ஹேமாவதி ஸ்கேல் வைத்து அளந்தார். அவர் முகம் மாறிற்று.

"உதவி அலுவலர் கொடுத்த அளவுக்கும் இதுக்கும் ஒத்துப்போகலையே. சின்னதா இருக்கு. மிஸ்டர் தனசிங், நீங்க இதை மாத்தி வச்சீங்களா?"

"மேடம், ஆசிட் ஊத்துனா கரையும் மேடம். நீங்கதானே இப்போ ஊத்துனீங்க."

"அது சோதனை. சோதனையால பொருள் குறையும்னு எந்த விதியிலயும் இல்லை." சொல்லிவிட்டு உதவியாளர்களைப் பார்த்தார். அவர்களும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

வெளியே போகும் வழியில் அவர் கண் புடவைத் திரைமேல் பட்டது. ஒரு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "இனி பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் வருவாங்க. இந்த ஹால் இனிமே பார்வையாளர் வழி. இதெல்லாம் இங்கே இருக்கக் கூடாது. மாடிக்குக் கொண்டுபோயிடுங்க."

"மாடிக்கு அவளால போக முடியாதுன்னுதானே மேடம் கீழே வச்சிருக்கோம்!"

"அந்தம்மா கீழேயே இருக்கட்டும். அவங்களை யாரும் போகச் சொல்லலையே. நாற்காலியைத்தான் சொன்னேன்."

கமோடு நாற்காலி மாடிக்குப் போயிற்று. படுத்தபடியே இடுப்புக்கடியில் வைத்துக்கொள்கிற தட்டுதான் மிச்சம். அதை வைப்பதற்கும் ஹால் காலியாக வேண்டும், ஹால் காலியாகவே இல்லை. துணை இயக்குநருக்கு மேலே இணை இயக்குநர் இருந்தார், அவருக்கு இணையாக இன்னொருவர் இருந்தார், இருவரும் பேசிக்கொள்ளாததால் தனித்தனியாக வந்தார்கள். வல்லுநர் குழு வந்தது. வல்லுநர் குழுவைச் சரிபார்க்கும் குழு வந்தது. அதிகாரிகளின் வீட்டார் மறைமலை நகருக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் பியூலாவின் கட்டிலைத் தாண்டித்தான் போனார்கள். சிலர் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் பியூலாவையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவங்களும் தோண்டும்போதுதான் கிடைச்சாங்களா?" என்று தமாஷ் பண்ணினாள். பியூலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து பியூலா தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். காலையில் அரை டம்ளர் காபி, ராத்திரி மாத்திரை விழுங்க ஒரு மடக்கு. தனசிங் கெஞ்சிப் பார்த்தார். "குடிச்சா போகணும். போகணும்னா இவ்வளவு பேர் போகணும். வேணாம்" என்றார் பியூலா. கொஞ்ச நாளில் குளிர்காய்ச்சல் வந்தது. டாக்டர் சிறுநீரில் கிருமி என்றார். "நீங்க படிச்சவங்கதானே, தண்ணி குடிக்கணும்னு தெரியாதா?" என்று திட்டினார். டாக்டரிடம் சிப்பியைப் பற்றி எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

தனசிங் லீவு போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனார். கீழே மண்டபத்தில் யாருக்கோ நிச்சயதார்த்தம். மாடியில் ஹேமாவதி மிகுந்த அன்போடு உட்காரச் சொன்னார்.

"மேடம், என் மனைவி ரொம்பக் கஷ்டப்படுறா. எங்களுக்கு அந்தச் சிப்பியே வேணாம். வீட்டைக்கூட விட்டுட்டுப் போறோம். படப்பை பக்கம் ஒரு தரைத்தள வீடு பார்த்திருக்கேன், வாடகைக்கு."

"நீங்க போக முடியாதே! உங்களைக் கௌரவக் காப்பாளரா நியமிச்சிருக்கோம். காப்பாளர் குடும்பத்தோட சம்பவ இடத்திலேயே தங்கணும்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போட்டார். ஓர் உதவியாளர் படம் எடுத்தார். "மிஸ்டர் தனசிங், நீங்க உங்க மனைவியை மட்டும் பார்க்கறீங்க. நாங்க பல கோடி வருஷத்தைப் பார்க்கறோம். அவ்வளவு காலம் பொறுமையா இருந்த உயிர் அது. உங்க மனைவியால கொஞ்சம் பொறுமையா இருக்க முடியாதா?"

தனசிங் பொன்னாடையோடு பஸ் ஏறினார். பெருங்களத்தூர் வரை அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ரிட்டயர்மெண்டா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவைத்தார்.

ஒருவழியாக இயக்குநர் ஜீவானந்தம் வருகிற நாள் வந்தது. அதற்குள் சிப்பி புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. ஆனாலும் தனசிங்குக்கு அன்று கொஞ்சம் நம்பிக்கை. இயக்குநர் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டால் நாடாவை அவிழ்த்துவிடுவார்கள். சிட்டிபாபுவைக்கூடச் செங்கல்லுக்குச் சொல்லிவைக்கும்படி கேட்டிருந்தார்.

தெருவில் ஷாமியானா, செண்டை மேளம். ஹரிபிரசாத் நலச்சங்கத்தின் சார்பில் ஆளுயர மாலை கொண்டுவந்தார். வெயில் அதிகம் என்பதால் கூட்டத்தை ஹாலுக்குள் மாற்றினார்கள். பியூலாவின் கட்டிலைச் சுவரோடு தள்ளி, அதன் கால்மாட்டில் மைக் வைத்தார்கள். பியூலா கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"அன்பார்ந்த பெருமக்களே!" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "பீர்க்கன்கரணையில் இருப்பது ஏரி என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். தவறு! இங்கே இருந்தது கடல்! அந்தக் கடலை மீட்டெடுத்தது நம் வாரியம்! இந்த வாரியம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாங்கள் எதையும் செய்யாமல் இருந்ததால்தான் எதற்கும் எந்தச் சேதமும் வரவில்லை! எங்கள் கைக்கு வந்த எதுவும் இதுவரை கெட்டதில்லை! ஏனென்றால் எதுவும் எங்கள் கைக்கு வந்ததில்லை!"

கைதட்டல் ஓய்ந்ததும் எல்லாரும் கொல்லைக்குப் போனார்கள். இயக்குநருக்கான அளவு ஒரு பாட்டில். வாரியத்தின் ஆசிட் முந்தைய குழுக்களிலேயே தீர்ந்துபோயிருந்ததால், ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் வாங்கி வைத்திருந்தார்கள். இயக்குநர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு முழு பாட்டிலையும் கவிழ்த்தார். நுரை குழியிலிருந்து எழும்பி நாடாவரை வந்தது. இப்படி ஒரு நுரையை வாரியத்தின் சரித்திரத்தில் யாரும் பார்த்ததில்லை. நுரை அடங்கியதும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஈர மண் இருந்தது. தினகரன் குழிக்குள் இறங்கி விரலால் துழாவினார். எதுவும் இல்லை. அவர் மேலே ஏறி வந்து ஓரமாக நின்றார். கண் கலங்கியிருந்தது.

ஹேமாவதி இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். இயக்குநர் கையுறையைக் கழற்றினார்.

"இந்தச் சிப்பியினம் எப்படி அழிந்தது என்று உலகம் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்று நாம் நேரிலேயே பார்த்துவிட்டோம்!"

முதலில் ஒருவர் தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

தனசிங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சார், இப்போதான் ஒண்ணும் இல்லையே. நான் பாத்ரூம் கட்டிக்கலாமா?"

"என்ன சொல்கிறீர்கள்! இருந்தபோது அது வெறும் சிப்பி. இப்போதுதான் அது முழுமையாக அழிந்த இனம். இனிமேல்தான் பாதுகாப்பே தொடங்குகிறது."

குழியில் ஒரு பகுதியை மூடி, சிப்பி இருந்த இடத்தின்மேல் கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். பெட்டிக்குள் ஒன்றுமில்லை. பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். அனுமதி இலவசம். என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் ஒன்றுமில்லை என்று போய்ச் சொல்ல, அது நிஜமா என்று பார்க்க இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். கூட்டம் வந்தால் கூட்டத்துக்கு ஒரு அவசரம் வரத்தானே செய்யும். வாரியம் உடனே பார்வையாளர் கழிப்பறைக்கு உத்தரவு போட்டது. இடம், குழியின் மீதிப் பகுதி.

"நான் கட்டுனா கூடாது, நீங்க கட்டுனா மட்டும் ஆகுமா?" என்று தனசிங் கத்தினார். அவர் அப்படிக் கத்தித் தெருவில் யாரும் கேட்டதில்லை.

"நீங்கள் செய்தால் அது தோண்டுதல். வாரியம் செய்தால் அது வசதி" என்று வாரியத்திலிருந்து பதில் வந்தது.

கட்டுகிற வேலை சிட்டிபாபுவுக்கே கிடைத்தது. கரணையும் கையுமாக அவர் கட்டிலருகே வந்து நின்றார். "மேடம், பேஜாரா கீது மேடம். ஒங்க வூட்டு கக்கூஸ நான்தான் கட்றேன், ஒங்களுக்கு இல்லையாம். நான் வேணான்னா வேற எவனாவது வந்து கட்டுவான். கதவ மட்டும் அகலமா வச்சிட்றேன். கம்பியும் போட்றேன், புடிச்சிக்கினு எந்திரிக்க."

சொன்னபடியே செய்தார். நல்ல டைல்ஸ், நல்ல கதவு, உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள். பியூலா கேட்டது எல்லாமே அதில் இருந்தது. அதன் சாவி தினகரனிடம் இருந்தது. பியூலா ஹாலில் படுத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாதவர்கள் தண்ணீர் இழுத்துவிடுகிற சத்தத்தை நாள் பூராவும் கேட்டார்.

ஒருநாள் காய்ச்சல் மறுபடியும் வந்தது. வயிறும் சரியில்லை. பியூலா தனசிங்கின் கையைப் பிடித்தார். "என்னால முடியலைங்க. அவங்ககிட்டக் கேளுங்க. ஒரு தடவை." அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கப்பட்டவர் அல்ல. தனசிங் தினகரனிடம் ஓடினார். தினகரன் வாசலில் மேசை போட்டு அனுமதிச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஹேமாவதிக்குப் போன் போட்டார். பேசிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"அது பார்வையாளர்களுக்கு மட்டும்னு சொல்றாங்க சார். வீட்ல இருக்கிறவங்க பார்வையாளர் ஆக மாட்டாங்களாம். ஆனா… மேடம் வெளியே வந்து, சீட்டு வாங்கிக்கிட்டு, மத்தவங்க மாதிரி உள்ளே வந்தாங்கன்னா ஆட்சேபணை இல்லையாம்."

தனசிங்குக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. ஆனால் உள்ளே பியூலா காத்திருந்தார். திருச்சபையில் இரவல் வாங்கி வைத்திருந்த சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்து, மீதி வேலைக்கு வந்திருந்த சிட்டிபாபு ஒரு பக்கம், தனசிங் ஒரு பக்கமாக வாசற்படியில் தூக்கி இறக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர பியூலா வாசல் தாண்டியதே அதுதான் முதல் தடவை. கேட்டிலிருந்து வரிசை நீண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஹரிபிரசாத் போனை உயர்த்தினார், பியூலா அவரைப் பார்த்த பார்வையில் இறக்கிவிட்டார்.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா, அவசரம்" என்றார் தனசிங். எல்லாருக்கும் அவசரம்தான் என்று முன்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிட்டிபாபு, "ஏய், இன்னா ஆளுய்யா நீ!" என்று சண்டைக்குப் போனார். பியூலா, "வேணாம் சிட்டிபாபு, வரிசையிலேயே போவோம்" என்றார். காலமெல்லாம் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தவர் அவர்.

சீட்டு வாங்கினார்கள். தன் வீட்டு ஹாலுக்குள், தன் கட்டிலைத் தாண்டி, தன் சமையலறை வழியாக, வரிசையோடு வரிசையாகப் பியூலா கொல்லைக்கு வந்து சேர்ந்தார். எதிரே கழிப்பறைக் கதவு. நாலு முழத் தூரம்கூட இருக்காது.

"முதல்ல விளக்கத்தைக் கேட்கணும் மேடம்" என்றார் கூடவே வந்த தினகரன். "கேட்டு முடிச்சவங்கதான் பார்வையாளர். அதுக்கப்புறம்தான் சாவி போடலாம். மேலே கேமரா இருக்கு, துணை இயக்குநர் பார்த்துக்கிட்டே இருக்காங்க. நான் வேகமா சொல்லிடறேன்."

"சொல்லுங்க தம்பி" என்றார் பியூலா, நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு.

காலிப் பெட்டியைக் காட்டித் தினகரன் மூச்சுவிடாமல் ஆரம்பித்தார். "கிரைஃபியா என்பது கடல்வாழ் சிப்பிகளில் ஒரு பேரினம். இதன் ஒரு ஓடு பெரியது, வளைந்தது. மற்றொன்று சிறியது, தட்டையானது. சேறு நிறைந்த கடலடியில் இது படுத்த நிலையிலேயே வாழ்ந்தது. தானாக நகர இதனால் முடியாது…"

கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கினார். "சார், இதைச் சாப்பிடுவாங்களா?"

கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது என்பதும் விதி. தினகரன் கேமராவைப் பார்த்தார், பதில் சொன்னார். இன்னொருவருக்கு முத்து கிடைக்குமா என்று சந்தேகம். அதற்கும் சொன்னார். பியூலாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. "தம்பி" என்று ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

நாற்காலிக்கு அடியில் சிமெண்டுத் தரையில் ஈரம் பரவி, முன்னால் நின்றவரின் செருப்புவரை போயிற்று. அவர் காலை நகர்த்திக்கொண்டார். யாரோ மூக்கைப் பொத்தினார்கள். தினகரனும் பார்த்துவிட்டார். அவருக்கு இன்னும் இரண்டு பத்தி பாக்கியிருந்தது. கேமராவை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பத்தியையும் சொல்லி முடித்தார். சொல்லி முடித்துவிட்டு ஓடிப்போய்ச் சாவியைப் போட்டுக் கதவை அகலத் திறந்தார்.

"இப்போ போகலாம் மேடம்."

பியூலா அந்தக் கதவையோ தினகரனையோ பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், கணவரிடம் மட்டும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

தனசிங் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். அவர் கட்டின வீடு அது. எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போவது என்று அவருக்குத் தெரியவில்லை.